மாமா சஸ்பெண்ட் ஆன கதை

வெள்ளவத்தையில் எங்கள் மாமா காலமானபோது, மரண அறிவித்தலுக்கு நானே இலவச ஹோஸ்டிங்கில் ஒரு இணையப் பக்கம் செய்தேன். போனில் இருந்த நாற்பது படங்களையும் சுருக்காமல் அப்படியே ஏற்றினேன், என் மடத்தனம். கனடா, லண்டன் சொந்தமெல்லாம் ஒரேயடியாகத் திறக்க, இலவசமாகத் தரும் டேட்டா அளவு தாண்டிவிட்டதென்று ஹோஸ்டிங் கம்பனிக்காரர் கணக்கை முடக்கிவிட்டார்கள். முறையிட்டால், இருபத்துநான்கு மணித்தியாலம் பொறுக்கட்டாம். செத்தவீடு பொறுக்குமா?

அதற்குள் டொரொன்டோவிலிருந்து தூரத்துச் சொந்தமான அன்ரி போன் எடுத்தா. "தம்பி, மாமாவின்ர பக்கத்தைத் திறந்தா 'சஸ்பெண்டட்' எண்டு கிடக்கு. மனுசன் வேலையில என்ன பிழை விட்டவர்?"

இப்போது யாருடைய அறிவித்தலென்றாலும் ஒரேயொரு படம்தான் போடுகிறேன், அதையும் சுருக்கி. முப்பது வருஷம் அரசாங்க உத்தியோகத்தில் ஒருநாளும் சஸ்பெண்ட் ஆகாத மனுசனை, செத்தபிறகு நானல்லோ சஸ்பெண்ட் பண்ண வைத்தேன்!