மடங்கிய கட்டைவிரல்

நோர்வூட்டுக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்தின் வரிசை வீடொன்றில்தான் கொழுந்து பறிக்கும் அந்த அம்மாவைச் சந்தித்தேன். ஒல்லியான உடம்பு, கறை ஏறிய விரல்கள். வெளியாள் யார் வந்தாலும் வலது கட்டைவிரலை உள்ளே மடக்கி மூடிக்கொள்வாராம். என்னைக் கண்டதும் மூடிக்கொண்டார்.

ஒப்பம் வாங்கப் போயிருந்த என் மடியில் புது வீட்டுத் திட்டத்தின் படிவம் இருந்தது. அந்த லயத்தில் பதினொரு வீட்டார் ஒப்பமிட்டுவிட்டார்கள். அவருடைய கைநாட்டு மட்டும்தான் பாக்கி.

"இருங்க சேர், நாடகம் முடியட்டும்."

தொலைக்காட்சியில் தமிழ் பேசும் வேற்றுக்கிரகவாசிகள். பூமிக்கு வந்து நோயெல்லாம் தீர்த்தவர்கள், அன்று சிரித்த முகத்தோடு ஒரு பெண்ணிடம் தாளொன்றை நீட்டினார்கள்.

"வாசிச்சுக் காட்டச் சொல்லு புள்ள, சும்மா போட்றாத!" என்று திரையைப் பார்த்துக் கத்தினார் அம்மா. திரையில் அந்தப் பெண் கையெழுத்தைப் போட்டுவிட்டாள். தொடரும் என்று எழுத்து விழுந்தது.

அம்மா என் பக்கம் திரும்பினார். "அவங்களக் கெட்டவங்கன்னு நான் சொல்லல. நீங்க கொண்டாந்தத வாசிங்க சேர்."

ஆறு பக்கமும் ஆங்கிலம். முதல் பக்கத்துக்கு மேல் நானே படித்ததில்லை. தமிழில் சொல்லிக்கொண்டே வந்தவன் நாலாம் பக்கத்தில் நின்றுவிட்டேன். வீடு கிடைத்ததும் இப்போது குடியிருக்கும் லயத்துக் காம்பராவையும் மரக்கறித் தோட்டத்தையும் ஒப்படைத்துவிட வேண்டும் என்றிருந்தது.

"ஏன் நிப்பாட்டிட்டீங்க?"

சொன்னேன். அவர் கோபப்படவில்லை.

"அந்தப் பதினொரு வீட்டுலயும் போய் இதே மாதிரி வாசிச்சிருங்க சேர். நானும் கூட வாறேன்."

முதல் கதவைத் தட்டியது அவர்தான். தட்டும்போதும் அந்த விரல் மடங்கியேதான் இருந்தது.