வயர் அறுந்த போனும் நாலு எட்டும்

பேய், பிசாசுன்னு யாராச்சும் பேச்சு எடுத்தாலே நான் எந்திரிச்சு ஆட்டுக்குத் தண்ணி வெக்கப் போயிருவேனுங்க. எருத்தேன்பதியில எங்க தோட்டத்து ஓரத்துல ஒரு புளியமரம் நிக்குது, அதுல முனி இருக்குதுன்னு ஊரே சுத்திப் போகும், நான் அதோட அடியிலதான் ரெண்டு ஆடு கட்டியிருந்தேன், ஆடு நல்லாக் கொழுத்துது, வேற ஒண்ணும் ஆகல. அந்த மாதிரி ஆளுதான் இதைச் சொல்றேன். நம்பினா நம்புங்க, இல்லாட்டி காப்பியைக் குடிச்சுப்போட்டுப் போங்க.

ராத்திரி கூட இல்லீங்க. பட்டப்பகல், ஞாயித்துக்கிழமை, மத்தியானம் மூணு மணி. ஆடிக் காத்து தென்னமட்டையெல்லாம் பிச்சு எறிஞ்சுட்டு இருந்துது.

என்ற மருமக சுமதி தமிழ் டீச்சருக்குப் படிச்சவ. எந்த ஸ்கூல்ல டீச்சரு லீவு போட்டாலும் இவ போய் நின்னு பாடம் எடுப்பா, லீவு முடிஞ்சா ஊட்டுக்கு அனுப்பிருவாங்க, ஏழு வருஷமா இதே பொழப்பு. அன்னிக்குத்தான் நிரந்தர வேலைக்கு அப்பேக்ஷை, அதுதானுங்க மனு, குடுக்கக் கடைசி நாளு, சாயங்காலம் அஞ்சு மணி வரைக்கும்தான். வில்லேஜ் ஆபீஸ் சர்டிபிக்கேட்டு சனிக்கிழமை பொழுது சாஞ்சுதான் கைக்கு வந்துது. அந்த வருஷம் உட்டா அவளுக்கு வயசு தாண்டிரும், அப்பறம் எழுதவே முடியாது. ஜங்ஷன்ல இருக்கற கம்ப்யூட்டர் கடையும் ஞாயித்துக்கிழமை பூட்டு, அவ போனுல போட்டுப் பார்த்தா பாதியிலயே நிக்குது.

ஊட்டுல ஒரு பழைய கம்ப்யூட்டர் இருக்குதுங்க. அதுக்குள்ள இருக்கறது காசு குடுக்காம யாரு வேணா எடுத்துக்கற சிஸ்டமாமா. தொறந்தா ஒரு வாத்துப் படம் வரும்.

"வாத்து இல்லீங்கத்தை, பென்குயின். இது லினக்ஸ்"ன்னு சுமதி எத்தனையோ வாட்டி சொல்லிட்டா.

"அது பறக்குமா?"

"பறக்காதுங்க."

"அப்ப வாத்துதான்."

அன்னிக்கு அந்த வாத்து சதி பண்ணிப்போடுச்சு. நெட்டு இருக்குதுன்னு மூலையில குறி காட்டுது, ஒரு பக்கமும் தொறக்க மாட்டீங்குது. சுமதி கேபிள்காரன் வெச்ச நெட்டு டப்பாவை அணைச்சுப் போட்டா, வயரைப் புடுங்கிச் சொருகினா, அப்பறம் கருப்பா ஒரு திரையைத் தொறந்து என்னமோ அடிச்சா, வெள்ளை வெள்ளையா வரி ஓடுது. நான் பக்கத்துல உக்காந்து பார்த்துட்டே இருந்தேன். எனக்கு எழுத்துத் தெரியாதுங்க, ஆனா நம்பர் தெரியும்.

அது ஒரு கதை. எங்கூட்டுக்காரருக்கு வெரலு ஒவ்வொண்ணும் முருங்கக்கா மாதிரி, போனுல ஒரு பட்டனை அமுக்கினா ரெண்டு அமுங்கும். அதனால அவரு கட்டில்ல படுத்துட்டே நம்பர் சொல்லுவாரு, நான் அமுக்குவேன். ஒரு நம்பர் சொல்லிட்டு நிறுத்துவாரு, நான் "உம்"ன்னு சொன்னாத்தான் அடுத்த நம்பர் சொல்லுவாரு. அப்படித்தான் பத்து நம்பரும் படிச்சேன். அவரு போய் ஒம்பது வருஷமாச்சுங்க.

எங்க உட்டேன்? ஆங், சுமதி. கன்னத்துல கையை வெச்சுட்டு உக்காந்துட்டா.

"அத்தைங்க, வழியெல்லாம் சரியாத்தான் இருக்குது. நம்பர் சொல்லிக் கூப்பிட்டா பதில் வருது, பேரு சொல்லிக் கூப்பிட்டா ஆளே தெரியாதுங்குது. பேரை நம்பரா மாத்திக் குடுக்கற இடம்தான் படுத்துருச்சு."

"உன்ற வாத்தும் என்னை மாதிரிதானா கண்ணு, பேரு சொல்லாதா?"

நான் எங்கூட்டுக்காரரு பேரைச் சொல்ல மாட்டேனுங்க. ரேஷன் கடையில கேட்டா மேல கையைக் காட்டி, ராத்திரியில வெளிச்சம் தர்றதுன்னு சொல்லுவேன், அவங்களே எழுதிக்குவாங்க. அவரும் அப்படித்தான், நாப்பத்தொரு வருஷம் நான் அவருக்கு "ஏ, இந்தா"தான்.

சுமதிக்கும் சிரிப்பு வந்துருச்சு, ஆனா கண்ணுல தண்ணி. "அந்த வேலையைச் செய்ய வேற ஒரு இடம் இருக்குதுங்கத்தை, அதோட நம்பர் போட்டா சரியாயிரும். ட்ரெயினிங்ல சொன்னாங்க, எழுதி வெக்கல, மறந்துட்டேன்"ன்னா. மணி நாலரை ஆச்சு.

அப்பத்தான் முன்கூடத்து ஆசாரத்துல போன் அடிச்சுது.

எந்தப் போனு? எங்கூட்டுக்காரரு காலத்துப் பழைய போனு. தென்னமரம் விழுந்து லைன் அறுந்து ரெண்டு வருஷம், வயரு செவுத்துல சும்மா தொங்குது, அதுல நான் மஞ்சத்துணி காயப் போடுவேன். அந்தப் போனு அடிக்குது. "போன் அடிக்குது கண்ணு"ன்னேன். "காத்துங்கத்தை"ன்னா அவ. காத்து மணியடிக்குமா? போய் எடுத்தேன்.

"எட்டு"ன்னு ஒரு குரல். அப்பறம் சத்தமே இல்லை. எனக்கு வாய் தானா "உம்"ன்னுச்சு. "எட்டு." "உம்." அப்படியே நாலு எட்டு. அப்பறம் இன்னொண்ணு சொல்லுச்சு, அதைக் கடைசியில சொல்றேன்.

நான் நேரா வந்து, "நாலு எட்டு போடு"ன்னேன். அவ என்னை ஒரு பார்வை பார்த்தா பாருங்க. நடுவுல நடுவுல புள்ளி வெச்சு நாலு எட்டு அடிச்சா. பக்கம் தொறந்துருச்சுங்க. அஞ்சுக்குப் பத்து நிமிஷம் இருக்கையில அப்பேக்ஷை போய்ச் சேர்ந்துது. இப்ப அவ நிரந்தர டீச்சரு, காலையில அவ சேலையை நீவி உட்டு பஸ்ஸுக்கு அனுப்பறது நான்தான்.

என்ற மகன் சிரிக்கறான். "அந்த நம்பர் உலகத்துக்கே தெரியும், சுமதி எப்பவாச்சும் சொல்லியிருப்பா, உன்ற காதுல விழுந்திருக்கும்"ங்கறான். ஏண்டா, படிச்சவளுக்கு மறந்தது எனக்கு ஞாபகம் இருந்துச்சாக்கும்? இருக்கட்டும், என்ற "உம்"முக்கு நின்னு நின்னு சொன்னது யாரு? உங்கப்பன்தான்னு அவன்கிட்டச் சண்டை போடறேன். ஊருல யாரு கேட்டாலும் அதையேதான் சொல்றேன். நாப்பத்தொரு வருஷம் சோறு போட்ட மனுசனுக்கு நான் எதுக்குப் பயப்படோணும்?

ஆனா ஒண்ணுங்க. நாலாவது எட்டுக்கு நான் "உம்"ன்னதும் அந்தக் குரலு, "மாராத்தா"ன்னுச்சு.

அது என்ற பேருங்க. ரேஷன் கார்டுல கூட மாரியம்மான்னுதான் தப்பா எழுதி வெச்சிருக்காங்க. எங்காத்தா மட்டும்தான் அப்படிக் கூப்பிடுவா, அவ போனையே பார்க்காமப் போய்ச் சேர்ந்தவ. குரலும் ஆம்பளைக் குரலு. எங்கூட்டுக்காரரு சாகற அன்னிக்குக் கூட என்னைப் பேரு சொல்லிக் கூப்பிடலீங்க.

போனைத் தூக்கிக் கடாசிரலாம்ங்கறான் மகன். நான் உடல, அங்கயேதான் இருக்குது, பாருங்க, அந்தா. இன்னொருக்கா அடிச்சா எடுப்பேன். "ஏ, இந்தா"ன்னு சொன்னா உக்காந்து பேசுவேன். பேரைச் சொன்னா வெச்சுப்போடுவேன்.