மொட்டை வால் வம்சம்

எலியைப் பிடிப்பவனுக்கு ஊரில் மரியாதை உண்டு. எலியை வளர்ப்பவனுக்குக் கிடையாது. எழுபதுகளில் பாலக்காட்டில் ஒரு கல்லூரி ஆய்வுக்கூடத்தில் எலிக்கூண்டு கழுவியவன் நான். கூண்டு கழுவிய கையோடு பஸ் ஏறியவர்களுக்குத் தெரியும், பக்கத்து சீட்டு கடைசிவரை காலியாகவே வரும்.

பிறவிக் கோளாறு

எங்கள் எலிகளுக்குக் காதுக்குப் பின்னால் முடி இருக்காது. வால் மொட்டை. பாதத்தில் வியர்வை கிடையாது. தோல் உருவாகும்போதே ஒரு ஜீன் பழுது என்றார் பேராசிரியர். 'இங்கே முடி முளைக்கட்டும்' என்ற உத்தரவை வாங்கிக்கொள்ள, தோல் செல்லின் மேல் நிற்கும் ஏற்பியைச் செய்கிற ஜீன் அது என்பதெல்லாம் வெகுகாலம் கழித்துத் தெரிந்த சங்கதி.

பார்த்ததும் எனக்கு ஊர் ஞாபகம்தான் வந்தது. வடகரப்பதியில் என் தங்கை மகள் செல்விக்கும் தலையில் பூனைமயிர்தான், பல் நாலே நாலு, வியர்க்கவே வியர்க்காது. சித்திரை வெயிலில் ஈரத்துணி சுற்றித்தான் காப்பாற்றினார்கள். தங்கையைக் கட்டியிருந்தது அத்தை மகன். அந்த அத்தை, என் அப்பாவின் உடன்பிறந்தவள், தங்கையைத் திருப்பி அனுப்பிவிடுவதாகவே பேசிக்கொண்டிருந்தாள். "எங்கூட்டு வம்சத்துல இப்பிடி ஒண்ணு பொறந்ததில்லடா. எல்லாம் உங்கம்மா கொண்டாந்த தோசம்."

நாய் மருந்து

கூட வேலை பார்த்த மாரியப்பன் வண்டிப்பெரியார் எஸ்டேட்டிலிருந்து வந்தவர். நான் இரண்டு நாள் லீவில் போயிருந்தபோது, எலிகளுக்குச் சொறி என்று முடிவுகட்டி, கந்தகத்தை வேப்பெண்ணெயில் குழைத்து அத்தனைக்கும் பூசிவிட்டார். நக்கி நக்கியே செத்தன. மிஞ்சியது ஒரு கிழட்டு ஆண் எலி. நான் கத்திய கத்தலில் மனிதர் கண் கலங்கிவிட்டார். "எஸ்டேட்டுல நாய்க்கெல்லாம் இதாம்ணே போடுவோம். எல்லாம் பொழைச்சுக்கிடும்ணே."

விடாப்பிடி

பேராசிரியர் கையை விரித்தார். நான் விடவில்லை. இந்த வம்சம் அற்றுப்போனால், செல்விக்கு வந்தது அம்மா கொண்டுவந்த தோசமில்லை என்று அத்தைக்குக் காட்ட என்னிடம் என்ன இருக்கும்? கிழவனுக்குச் சாதாரணப் பெண் எலி ஒன்றைச் சேர்த்தேன். குட்டிகள் அத்தனையும் பொசுபொசுவென்று முடியோடு பிறந்தன. போச்சு என்றார்கள். வளர்ந்ததும் அந்த அண்ணன் தங்கையையே ஜோடி சேர்த்தேன். முறைகெட்ட கல்யாணம் என்று மாரியப்பன் அந்தக் கூண்டுப் பக்கமே வரவில்லை. அப்புறம் பிறந்த ஒன்பதில் இரண்டுக்கு மொட்டை வால். எனக்கு அழுகையே வந்துவிட்டது. மாரியப்பன் ஓடிவந்து எட்டிப் பார்த்தார். "முடிக்குள்ளயே ஒளிஞ்சு கெடந்திருக்கு பாத்தீயளாண்ணே!"

அத்தை வந்த நாள்

அத்தையை பஸ் ஏற்றி ஆய்வுக்கூடத்துக்கே கூட்டிவந்தேன். முடியுள்ள அப்பன், முடியுள்ள ஆத்தா, நடுவில் மொட்டை வால் குட்டிகள். அப்பன், ஆத்தா ரெண்டு பக்கமும் இந்தப் பழுது ஒளிந்திருந்தால்தான் இது வரும், ஒரு பக்கம் மட்டும் இருந்தால் வராது என்று சொல்லிவிட்டு, "எந்தங்கச்சிக்கும் உம்மவனுக்கும் பொதுவா இருக்கறது எந்த ஊடுங்கத்தே?" என்று கேட்டேன். என் அப்பாவும் அவளும் பிறந்த வீடுதான். அத்தை கூண்டுக் கம்பிக்குள் விரலை விட்டு ஒரு குட்டியின் மொட்டை வாலைத் தடவினாள். "அப்ப இது எங்கப்பனூட்டுச் சீராடா கண்ணு?"

அன்றிலிருந்து செல்விக்குத் துணி நனைத்துச் சுற்றிவிடுவது அத்தைதான். இத்தனை வருஷ எலிச் சேவகத்தில் எனக்குக் கிடைத்த ஒரே பதவி உயர்வு அதுதான்.