நடுவில் போகும் லாரிக்கு கிட் கிடையாது

கடை ஷட்டரைப் பாதி தூக்கியிருந்தபோது கைபேசி அடித்தது. தேவநேசன் சாரின் மகள் பிரிசில்லா. “ஆன்ட்டி, அப்பா காலையில எழுந்திருக்கல” என்றாள். விளங்காமல் நான், “அசந்து தூங்கியிருப்பாரும்மா, எழுப்பிப் பாரு” என்றேன். மறுமுனையில் அவள் விசும்பினாள். அப்போதுதான் புரிந்தது. ஷட்டரை இறக்கிவிட்டு நடந்தே போனேன். ராஜகீழ்ப்பாக்கத்தில் என் கடையிலிருந்து அவர் வீடு கூப்பிடு தூரம்தான்.

ஞாயிற்றுக்கிழமைகளில் என் கடை மாடியில் கூடி, பெட்டியில் வரும் பிளாஸ்டிக் கிட்டை ஒட்டி மாடல் வண்டி செய்யும் உங்கள் எல்லோருக்கும் அவரைத் தெரியும். ஜன்னலோர மேஜை, கழுத்தில் தொங்கும் கண்ணாடி, நகக்கண்ணில் மணல் நிறப் பெயின்ட். அமெரிக்க ராணுவ வண்டிகளை மட்டுமே செய்வார், அதிலும் பாலைவனத்தில் ஓடியவற்றை மட்டும். ஏன் என்று நீங்கள் கேட்டபோதெல்லாம், “குவைத்துல இருந்தப்ப ரோட்டுல பார்ப்பேன்” என்று முடித்துவிடுவார். அந்தப் பதிலுக்குப் பின்னால் இருந்ததை இப்போது எழுதுகிறேன். இறந்தவரைப் பற்றி நல்லதை மட்டும் சொல்வது வழக்கம். இந்த முறை அது சரிவராது.

அவர் முதன்முதலாகக் கடைக்கு வந்தது ஒரு மழை நாளில். குவைத்தில் ஒரு டிரான்ஸ்போர்ட் கம்பெனியில் கணக்கராக இருந்துவிட்டு ஊர் திரும்பிய புதிது. “சிஸ்டர், அமெரிக்கன் மிலிட்டரி வண்டியில என்னென்ன கிட் கிடைக்கும்?” என்று கேட்டார். எனக்கு அது அல்வா சாப்பிடுவது போன்ற கேள்வி. உலகப் போர் ஜீப்பும் ஷெர்மன் டாங்கியும் எப்போதும் இருக்கும். இந்தக் காலத்து ராணுவ ஜீப்பான ஹம்வீ வேண்டுமானால் கதவு உள்ளது, இல்லாதது, மேலே துப்பாக்கி வைத்தது என்று எத்தனையோ தினுசு. டாங்கியை ஏற்றிச் செல்லும் பெரிய டிரெய்லர், சொல்லிவைத்தால் சிங்கப்பூரிலிருந்து வரும். கவசம் பூட்டிய ராணுவ லாரி எப்போதாவது வரும், வந்த அன்றே போய்விடும். மூச்சு விடாமல் ஒப்பித்தேன்.

அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, “கான்வாய்னு வண்டிங்க வரிசையா போகுறப்ப நடுவுல வெள்ளையா லாரிங்க போகும். மிலிட்டரி வண்டி இல்ல, சாதாரண லாரி. சாப்பாடு, தண்ணி, டீசல் எல்லாம் அதுலதான் போகும். அது கிடைக்குமா?” என்றார்.

நான் சிரித்துவிட்டேன். “அதையெல்லாம் யார் சார் வாங்குவாங்க? துப்பாக்கி இருந்தாத்தான் கிட் போடுவாங்க.”

அவரும் லேசாகச் சிரித்தார். ஒரு ஹம்வீ கிட்டை வாங்கிக்கொண்டு மழையில் இறங்கிப் போனார்.

ஆனால் கேட்பதை அவர் விடவில்லை. எனக்குப் புதுச் சரக்கு வரும்போதெல்லாம் வந்து பெட்டிகளைப் புரட்டுவார். ஒரு முறை ஐரோப்பிய டிரெய்லர் லாரி கிட் ஒன்று வந்தது. ஆசையோடு அட்டையைத் திறந்தவர் முகம் சுருங்கிவிட்டது. சாதாரண லாரி கிட் நிஜ வண்டியில் இருபத்துநான்கில் ஒரு பங்கு அளவில் வரும். ராணுவ வண்டி முப்பத்தைந்தில் ஒரு பங்கு. பக்கத்தில் வைத்தால் லாரி யானை மாதிரியும் ஹம்வீ கன்றுக்குட்டி மாதிரியும் தெரியும். “பரவால்ல சிஸ்டர். இவ்வளவு பெரிசா இருந்தா பொய்யா இருக்கும்” என்று சொல்லிப் பெட்டியை மூடிக் கொடுத்தார்.

மாடிக் கூட்டத்தில் அவர் அதிகம் பேசியவர் அல்ல. மேடவாக்கத்திலிருந்து வரும் கார்த்திக் எப்போதும் அவசரக்காரர். காயாத பெயின்ட்டைத் தொட்டுத் தொட்டுப் பார்ப்பார். தேவநேசன் சார் அவரிடம், “கையை எடுத்துட்டுச் சும்மா இருக்கிறதுதாம்ப்பா பாதி வேலை” என்பார். போர் பற்றிப் பேச்சு சூடாகும்போது எழுந்து போய்த் தூரிகை கழுவுவார். பெட்டியோடு வரும் சிப்பாய்ப் பொம்மைகளை ஒட்டவே மாட்டார். யார் கேட்டாலும் கொடுத்துவிடுவார். “வண்டி போதும். ஆளை வச்சா யாருன்னு கேட்கத் தோணும்” என்று ஒரு நாள் சொன்னார். நாம் அதை ஒரு ரசனை என்று எடுத்துக்கொண்டோம்.

சேலையூரில் ஒரு பள்ளிக்கூட ஹாலில் நாம் நடத்திய கண்காட்சி உங்களுக்கு நினைவிருக்கும். நீள மேஜையில் மணல் பரப்பி அவருடைய கான்வாயை வைத்திருந்தோம். முன்னால் ஹம்வீ, பின்னால் கவச லாரி, நடுவில் வெறும் மணல். ஏன் இடைவெளி என்று கேட்டவர்களிடம், கிட் கிடைக்கவில்லை என்று நானே விளக்கிக்கொண்டிருந்தேன். அப்போது பேத்தியின் கையைப் பிடித்துக்கொண்டு ஒருவர் வந்தார். மேஜையைப் பார்த்தார், பிறகு தேவநேசன் சாரைப் பார்த்தார்.

“சார், குவைத்து ஆபீஸ்ல கணக்கு பாத்துகினு இருந்த சார் தான நீங்க? என்னிய தெர்தா? பாபு. தண்ணி லாரி ஓட்டிகினு இருந்தேனே.”

தேவநேசன் சார் தலையை மட்டும் ஆட்டினார்.

“இப்பவும் தண்ணி லாரிதான் சார். மேடவாக்கத்துல அபார்ட்மென்டுக்கு அடிக்கிறேன்.” சிரித்துக்கொண்டே குனிந்து மாடல்களைப் பார்த்தார். “அச்சு அசலா கீது. ஆனா நம்ம வண்டிங்க ஒண்ணுகூட காணோமே. வேலு வண்டி எங்க சார்?”

“கிட் கிடைக்கல பாபு.”

பாபு நிமிர்ந்தார். அவர் முகத்தில் சிரிப்பு இல்லை. “பார்டர் வரிக்கும்தான், அதுக்கு அந்தாண்ட போவ மாட்டீங்கன்னு நீங்கதான சார் சொன்னீங்க?” என்றார். குரல் உயரவில்லை. ஆனாலும் பக்கத்தில் நின்றவர்கள் காதில் விழுந்தது. தேவநேசன் சார் மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றார். “வுடுங்க. கொயந்த கூட வந்துகிறேன்” என்று பேத்தியை அழைத்துக்கொண்டு பாபு வெளியே போய்விட்டார். அன்று மாலை கண்காட்சி முடிவதற்கு முன்பே சார் கிளம்பியதற்கு உடம்பு சரியில்லை என்று உங்களிடம் சொன்னது நான்தான்.

மறுநாள் கடை திறந்ததும் வந்தார். நின்றபடியே சொல்ல ஆரம்பித்தார். ஈராக்கில் சண்டை நடந்த சமயம். அவருடைய கம்பெனிக்கு அமெரிக்க ராணுவத்துக்குச் சரக்கு ஏற்றிப்போகும் வேலை கிடைத்தது. டிரைவர்களில் நம் ஊர்க்காரர்கள் நிறைய. தயங்கியவர்களிடம் தமிழில் பேசிச் சம்மதிக்க வைக்க ஆபீஸில் இருந்த ஒரே தமிழர் தேவநேசன். பார்டரில் சரக்கை இறக்கிவிட்டுத் திரும்பிவிடலாம் என்று சொல்லச் சொன்னார்கள், சொன்னார்.

“உள்ளே போகப்போறாங்கன்னு எனக்கு நல்லாத் தெரியும் சிஸ்டர். மேனேஜர் என் எதிர்லதான் பேசினான். மறுத்தா வேலை போயிடும்னு பயம். எல்லாரும் சரின்னுட்டாங்க. பீர்க்கன்கரணைக்காரன் ஒருத்தன், வேலுன்னு பேரு, அவன் மட்டும் தனியா வந்தான். ‘சார், நீங்க சொல்லுங்க, போலாமா?’ன்னான். போயிட்டு வான்னேன்.”

ஈராக்குக்குள் போகும் வழியில் வேலுவின் லாரி எரிந்துபோனது. வேலு திரும்பவில்லை.

நான் என்ன செய்தேன் தெரியுமா? எல்லோரும் செய்வதைத்தான். “நீங்க என்ன சார் பண்ணுவீங்க, கம்பெனி சொல்லிச்சு, நீங்க சொன்னீங்க. அது உங்க தப்பு இல்ல” என்றேன்.

அவருக்குக் கோபம் வந்து நான் பார்த்தது அந்த ஒரு முறைதான். “சிஸ்டர், தயவுசெஞ்சு நீங்களும் அதைச் சொல்லாதீங்க. என் வொய்ஃப் சாகுற வரைக்கும் அதைத்தான் சொல்லிக்கிட்டிருந்தா. கேட்டுக் கேட்டு நானும் வீட்டைக் கட்டிக்கிட்டு இங்க உட்கார்ந்துட்டேன். வேலு வீடு இதோ இங்கதான் இருக்கு. ஒரு நாள் போகல.”

எனக்கு முகத்தை எங்கே வைப்பதென்று தெரியவில்லை. என்னைச் சுற்றி அலமாரி முழுக்க அந்தப் பெட்டிகள். எந்தத் துப்பாக்கிக் குழாய் எந்த நாட்டிலிருந்து எப்போது வரும் என்பது எனக்குத் தலைகீழ்ப் பாடம். நடுவில் போன லாரிகளில் யார் உட்கார்ந்திருந்தார்கள் என்று ஒரு நாளும் யோசித்ததில்லை.

அதற்குப் பிறகுதான் அவர் அந்த லாரியைத் தானே செய்ய ஆரம்பித்தார். பிளாஸ்டிக் ஷீட்டை வெட்டி, ஒட்டி, உப்புத்தாளால் தேய்த்து, பிடிக்காமல் உடைத்து, மறுபடியும் வெட்டி. சக்கரங்களை மட்டும் வேறொரு கிட்டிலிருந்து எடுத்துக்கொண்டார். வேலுவின் வீட்டுக்கு எப்போது போவீர்கள் என்று நான் கேட்டால், “லாரி முடியட்டும்” என்பார். ஒரு நாள் அவரே, “சாக்குதான் சிஸ்டர். முடிஞ்சா போயாகணுமேன்னு தேய்ச்சதையே தேய்ச்சிக்கிட்டிருக்கேன்” என்றார். அந்த வெள்ளை லாரியை அவர் மாடிக்குக் கொண்டுவந்த ஞாயிற்றுக்கிழமை நீங்கள் எல்லோரும் கைதட்டினீர்கள். அவர் பாத்ரூமுக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

மறுநாளே துணைக்கு வரச் சொன்னார். லாரியை எடுத்துக்கொள்ளலாமா என்று கேட்டேன். “வேணாம். பொம்மையை நீட்டி மன்னிப்புக் கேட்கிற மாதிரி ஆயிடும்” என்றார்.

பீர்க்கன்கரணை ஏரிப் பக்கம் சின்ன வீடு. வேலுவின் மனைவி செல்வி தையல் மெஷினில் உட்கார்ந்திருந்தார். வாசலில் செருப்பைக் கழற்றிய பிறகும் சார் உள்ளே போகாமல் நின்றார். திரும்பிவிடுவார் என்றே நினைத்தேன். போனார். தான் யார், எங்கே குடியிருக்கிறார் என்று சொன்னார். பார்டர் வரைதான் என்று வேலுவிடம் சொன்னது தானே என்றார். பொய் என்று தெரிந்தே சொன்னதாகவும் சொன்னார். செல்வி மெஷினை நிறுத்தவில்லை. துணி ஓரம் முடிந்த பிறகுதான் மிதியிலிருந்து பாதத்தை எடுத்தார்.

“சார் சொல்லிகிறாரு, நீ பயப்படாதன்னு எங்க வூட்டுக்காரரு போன்ல சொன்னாரு. அந்த சார் யாருன்னுதான் தெரியாம இருந்திச்சு.” சாரையே உற்றுப் பார்த்தார். “அதுக்கப்புறம் நான் ஆபீசுக்கு போன் போட்டேன். தமிழ் பேசுற சார் இருந்தா குடுங்கன்னேன். சார் லீவுல போய்கிறாருன்னு தமிழ்லயே ஒருத்தர் சொல்லிட்டு போன வச்சிட்டாரு. நீங்கதான அது?”

இதை அவர் என்னிடம்கூடச் சொல்லியிருக்கவில்லை. “நான்தாம்மா. குரலை மாத்திப் பேசினேன்” என்றார்.

நான் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

“பொய் சொன்னத வுடு சார். வேற யாருனா சொல்லியிருப்பான். ஆனா கடசியா அவரு இன்னா பேசினாரு, இன்னா துன்னாருன்னு சொல்றதுக்கு ஒரு ஆள் வரல. இத்தினி வருசமா ராஜகீப்பாக்கத்துலயா கீறீங்க?” அப்போதுதான் செல்வியின் குரல் உடைந்தது. “இப்பனா சொல்லு.”

சார் சொன்னார். கிளம்புவதற்கு முந்தைய நாள் டிரைவர்கள் தங்கும் கேம்பில் வேலு மீன் குழம்பு வைத்தது, ஆபீஸ்காரர் சாப்பிட மாட்டார் என்று மற்றவர்கள் சொன்னபோதும் ஒரு தட்டில் போட்டு அவரிடம் கொண்டுவந்தது, புளி கொஞ்சம் தூக்கல் என்று அவர் சொன்னதும், “எங்க வூட்டுல வச்சா இதவிட புளிக்கும் சார்” என்று வேலு சிரித்தது. செல்வி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். அழுதாரா சிரித்தாரா என்று எனக்குத் தெரியவில்லை. பிறகு எழுந்து கதவருகே நின்று, “சொன்னீங்களே, அது போதும். இன்மேட்டு வராதீங்க சார்” என்றார்.

ஆட்டோவில் திரும்பும்போது அவர் ஒரே ஒரு வாக்கியம்தான் பேசினார். “சரியாத்தான் சொன்னாங்க.” அதன் பிறகு அவர் போகவில்லை. மாடிக்கும் வருவது குறைந்தது. ஒரு மாதம்போல் ஆகியிருக்கும், அவர் போய்விட்டார்.

அடக்கத்துக்கு முன்பு செல்விக்குச் சொல்ல வேண்டும் என்று தோன்றியது. தனியாகப் போனேன். கேட்டுவிட்டு, தைத்த துணியை மடித்து வைத்தார். “நான் வர்ல” என்றார். நான் திரும்பும்போது, “அவுருக்குப் புள்ளைங்க கீதா?” என்றார். ஒரு மகள் என்றேன்.

“அதுக்கு இது தெரியுமா?”

“தெரியாது.”

“சொல்லிடுங்க. தெரியாம கெடக்கறதுதான் பேஜாரு. நான் இருந்து பாத்துட்டேன்.”

அடக்கம் முடிந்த மறுவாரம் பிரிசில்லாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். “நான் படிச்சதும் அந்த வேலைச் சம்பளத்துலதானே ஆன்ட்டி?” என்று ஒரு கேள்வி கேட்டாள். ஆமாம் என்றேன். நினைவுக் கூட்டத்தில் அப்பாவைப் பற்றி என்ன வாசித்தாலும் இதையும் சேர்த்து வாசிக்க வேண்டும் என்று அவள்தான் கேட்டுக்கொண்டாள். அதனால்தான் இதை எழுதி உங்கள் முன் வைத்திருக்கிறேன்.

அந்தக் கேள்விக்குப் பின் அவள் தலைகுனிந்து உட்கார்ந்திருந்தபோது, நீ என்னம்மா பண்ணுவே, அப்போ நீ சின்னப் பிள்ளை என்று சொல்ல எனக்கு வாய் வரை வந்தது. சொல்லவில்லை. நாற்காலியை அவள் பக்கத்தில் இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். விளக்குப் போடும் நேரம்வரை இரண்டு பேரும் அப்படியே இருந்தோம். தேவநேசன் சாரிடமிருந்து நான் வைத்துக்கொண்டது இதுதான்: ஒருவர் வெட்கப்பட்டு நிற்கும்போது, அந்த வெட்கத்தை அவரிடமிருந்து அவசரப்பட்டுப் பிடுங்கிவிடாமல் பக்கத்தில் இருப்பது.