காப்புக் கையில் பர்கர்

சிதம்பரம் பஸ் ஸ்டாண்டிலிருந்து அண்ணாமலை நகர் வரை ஒரே ரோட்டில் பன்னிரண்டு வருஷமாக ஷேர் ஆட்டோ ஓட்டுகிறவர் ராஜாமணி. எந்தக் குழி எந்த மழையில் விழுந்தது என்று மாசத்தோடு சொல்வார். பரீட்சைக்குப் போகிற பிள்ளைகள் வண்டியில் இருந்தால் மூடின ரயில்வே கேட்டைப் பார்த்துக் கத்துவார், அது என்னமோ கடன்காரப் பங்காளி மாதிரி.

கல்யாணமாகி ஒன்பது வருஷம் பிள்ளையில்லை. "ஒண்ணு குடு தாயே, ஏழு வருஷம் தீ மிதிக்கிறேன்" என்று திரௌபதை அம்மனிடம் வேண்டிக்கொண்டார். அனுப்பிரியா பிறந்தாள். ஆறு வருஷம் மிதித்தாயிற்று. 2010 ஆடியில் கடைசி மிதி. கையில் மஞ்சள் காப்புக் கயிறு ஏறினால் பத்து நாளைக்குக் கவிச்சி கூடாது, முட்டை கூடாது. நடுவில் தப்பினால் காப்பைக் கழற்றிவிட்டு, மறுபடியும் முதலிலிருந்து ஏழு வருஷம்.

அந்தப் பத்து நாளுக்குள்தான் மகளுக்குப் பிறந்தநாள் வந்து தொலைத்தது. அவளுக்குக் கேக் வேண்டாமாம். காலேஜ் பிள்ளைகள் வரிசையில் நிற்கிற அந்த பர்கர் கடைக்குத்தான் போகணுமாம்.

கோழி பர்கர் ஆசையில் ராஜாமணியின் அக்கா மகன் செம்பியனும் ஒட்டிக்கொண்டான். பத்தாவதில் இரண்டு தடவை கோட்டை விட்டவன். அடுத்தவர் செருப்பை ஒளித்துவைத்து, கூடவே தேடுகிற ரகம்.

"நான் தண்ணிதான் குடிப்பேன்" என்று சொல்லிவிட்டுத்தான் மாமா உள்ளே நுழைந்தார். உருளைக்கிழங்கு பர்கர் வந்தது. "ஒரே ஒரு வாய்தான்ப்பா" என்று மகள் நீட்டினாள். "சைவம்தானே?" என்று மூன்று தடவை கேட்டுவிட்டுக் கடித்தார். கடித்தவர் நிறுத்தவில்லை. பாதி காலி.

செம்பியனுக்கு நாக்கு அரித்தது.

"மாமா, வெள்ளையா வழியுதே, அது முட்டையில செய்யறதாம். ஹாஸ்டல் பையன் ஒருத்தன் சொன்னான்."

சிரிப்பார், திட்டுவார் என்றுதான் நினைத்தான். மாமா மெல்லுவதை நிறுத்தினார். வாஷ் பேசினுக்குப் போய்த் துப்பினார். திரும்பி வந்து உட்கார்ந்து மணிக்கட்டில் இருந்த மஞ்சள் கயிற்றைப் பார்த்தார்.

"என்னாச்சுப்பா?" என்றாள் அனுப்பிரியா.

"ஒண்ணுமில்ல கண்ணு, நீ சாப்டு." கயிற்று முடிச்சில் விரல் போய்விட்டது.

"மாமா, சும்மா சொன்னேன் மாமா!"

"சும்மா சொன்னியா, நெசமாவே கேட்டியா?"

நிஜமாகவே கேட்டிருந்தான். "அவுக்காதீங்க, ரெண்டே நிமிஷம்" என்று சமையலறைக்குள் பாய்ந்தான்.

"டேய், யாருடா நீ? வெளிய போ!" என்றார் அடுப்பில் நின்ற பழனிவேல்.

"அண்ணே, அந்த வெள்ளை சாஸ்ல முட்டை இருக்கா?"

"எதுக்குடா?"

"எங்க மாமா காப்புக் கட்டியிருக்காரு. தின்னுட்டாரு. நான்தான்ணே வாயை வச்சிட்டு..."

பழனிவேல் அடுப்பை அணைத்தார். செருப்பைக் கழற்றினார். இரண்டு டப்பாக்களைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்தார்.

"சாமி, பயப்படாதீங்க. இந்த செவப்புப் புள்ளி டப்பா கோழி பர்கருக்கு. இந்தப் பச்சைப் புள்ளிதான் உங்களுக்குப் போட்டது. முட்டையே கெடையாது. கரண்டி கூட வேற வேற. நானும் வருஷா வருஷம் அம்மனுக்குக் கூழ் ஊத்தறவன், எனக்குத் தெரியாதா?"

ராஜாமணி பச்சைப் புள்ளியைத் தடவிப் பார்த்தார். டப்பாவைத் திருப்பி அடியிலும் பார்த்தார். கயிற்றிலிருந்து கையை எடுத்தார். அப்போதுதான் மூச்சு விட்டார். எதிர் நாற்காலிவரை கேட்டது.

"செம்பியா, இங்க வா."

வந்தான். நடுமண்டையில் ஒரு குட்டு விழுந்தது. இவ்வளவு நிம்மதியாக அவன் எந்தக் குட்டையும் வாங்கினதில்லை.

"போ, உனக்குக் கோழிதானே வேணும், வாங்கித் தின்னு. இங்க உக்காராத, கவிச்சி. அந்த டேபிளுக்குப் போ."

சொல்லிவிட்டு, துப்பினது போக மிச்சமிருந்த பாதியை மறுபடி கையில் எடுத்துக்கொண்டார்.

செம்பியன் மூலை டேபிளில் தனியாக உட்கார்ந்து, உருளைக்கிழங்கு போட்டதையே வாங்கித் தின்றான். யாராவது கேட்டால் கோழி தீர்ந்துபோச்சு என்று சொல்லிக்கொள்ளலாம்.