கலப்படக் கேசட்

டிசம்பர் லீவுக்குக் கொழும்பிலிருந்து வந்த மகள், இயர்போனை என் காதில் மாட்டிவிட்டாள். தகரத்தை இழுக்கும் சத்தம், நடுவில் யாரோ மூச்சு வாங்குவது, பிறகு ஒன்றுமே இல்லை.

"போன் பழுதா?"

"புது மியூசிக்ம்மா."

எனக்கு நம்பிக்கை வரவில்லை. இந்தச் சந்தேகம் அப்பாவிடமிருந்து வந்தது.

மாத்தளையில் அவருக்கு மிளகு வியாபாரம். இரத்தோட்டையிலிருந்து மூட்டை வந்தால் ஒரு பிடியைத் தண்ணீரில் போடுவார். மிளகோடு கலந்த பப்பாளி விதை மிதந்தால் மூட்டையை அப்போதே திருப்பி அனுப்பிவிடுவார். நான் சிறுமியாக இருந்தபோது, இதே போன்றதொரு லீவில், மாமா ஒரு கேசட் கொண்டுவந்தார். அதில் பாட்டே இல்லை, மணியோசையும் இரைச்சலும்தான்.

"என்னமோ கலந்திருக்காங்க மச்சான். ஒங்கள நல்லா ஏமாத்திட்டாங்க," என்றார் அப்பா.

"அப்ப குடுங்க, நான் கொண்டு போறேன்."

"இருங்க, இன்னொருக்கா பாக்கணும்."

அன்றிலிருந்து தினமும் கடை சாத்தி வந்ததும், முகத்தைச் சுளித்தபடியே அதைப் போட்டுக் கேட்டார். லீவு முடிந்து மாமா வெறுங்கையோடு பஸ் ஏறினார். கலப்படம் என்று சொல்லியும் அப்பா திருப்பிக் கொடுக்காத சரக்கு அது ஒன்றுதான்.

மகள் கையை நீட்டினாள். "பிடிக்கலன்னா குடுங்கம்மா."

"இரு," என்றேன். "இன்னொருக்கா பாக்கணும்."