அண்ணியின் கிராபிக்ஸ் கார்டு

செஞ்சியில் தடுக்கி விழுந்தால் ஒரு வீடியோகாரர் மேல்தான் விழ வேண்டும். ஆனால் எடுத்த கல்யாணத்தை வெட்டி ஒட்டி, பாட்டுப் போட்டு, பார்க்கிற மாதிரி ஆக்கித் தருகிறவர்கள் கொஞ்சம் பேர்தான். அவர்களில் ஒருவர் என் அண்ணி பூங்குழலி. அண்ணன் லாரியில் ஊர் ஊராகப் போகிறவன். வீட்டில் நான், அண்ணி, எங்கள் அம்மா காத்தாயி, அப்புறம் அந்தப் பாழாய்ப்போன கம்ப்யூட்டர்.

வெட்டி ஒட்டி முடித்த பிறகு, எல்லாவற்றையும் ஒரே வீடியோவாகக் கம்ப்யூட்டர் உருட்டித் தர வேண்டும். ரெண்டரிங் என்பார்கள். அதற்கென்றே அண்ணன் சென்னையிலிருந்து ஒரு கிராபிக்ஸ் கார்டு வாங்கி வந்தான். வந்த புதிதில் பறந்தது. இந்த ஆடி மாதம் என்ன கேடு வந்ததோ, ஆரம்பிக்கும்போது ஓடும், கொஞ்ச நேரத்தில் நொண்டும், பிறகு நகரவே நகராது.

அன்று உருண்டுகொண்டிருந்தது ஆனியில் நடந்த அவலூர்பேட்டைக் கல்யாணம். மேடை ஏறிய ஒருவரைக்கூட வெட்டக் கூடாது என்பது பெண் வீட்டாரின் கண்டிஷன். ஒரு சித்தப்பா விட்டுப்போனால் சம்பந்தமே விட்டுப்போகும். அதனால் படம் அனுமார் வால். மாப்பிள்ளை மறுநாள் காலையில் குவைத்துக்குக் கிளம்புகிறான், பென்டிரைவ் அவன் கையில் இருக்க வேண்டும். அண்ணிக்கு வேலை கொடுக்கிற ஸ்டுடியோக்காரர் கோதண்டராமன் காலையிலேயே போனில் கறாராகச் சொல்லிவிட்டார்.

"இதோ பாரும்மா, போன ரெண்டு ஆர்டரும் லேட்டு. இன்னிக்கி சாயங்காலம் கைக்கு வரலன்னா ஆவணி கல்யாணத்த எல்லாம் திண்டிவனத்துல குடுத்துடுவேன். அப்புறம் என்னை கேக்காத."

ஆவணி போனால் வேலையே போன மாதிரி. அண்ணிக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

எனக்கு பஜாரில் செல்போன் கடை. அந்த ஒரு தகுதியில் நானும் வைத்தியம் பார்த்தேன். கார்டை இயக்கும் டிரைவர் மென்பொருளை அழித்து மறுபடி போட்டேன். பலனில்லை. பழைய டிரைவரைப் போட்டேன், திரையே கறுத்துப்போனது; முன்பு இருந்ததையே திரும்பப் போட்டுத்தான் மீட்டேன். அண்ணி என்னைப் பார்த்த பார்வையில் நான் பாதியாகிவிட்டேன். கம்ப்யூட்டர் மெக்கானிக் விமல்ராஜைக் கூப்பிட்டால், அவன் பனமலையில் ஏதோ பள்ளிக்கூட வேலையில் இருந்துகொண்டு போனிலேயே தீர்ப்பு எழுதினான்.

"பவர் சப்ளை பத்தலண்ணா. மாத்திடு."

கொஞ்ச நேரம் கழித்து அவனே கூப்பிட்டு, "ராம் போதல போலக்குதே" என்றான். மூன்றாவது முறை, "கார்டே டூப்ளிகேட்டா இருக்கும்" என்றான். இவனுக்கெல்லாம் மெக்கானிக் என்று யார் பெயர் வைத்தார்களோ!

நடுவில் அம்மா வேறு. சமையலறை வாசலில் நின்றுகொண்டு, "எத்தினி வாட்டி சொன்னேன், இந்த வேலைய வுட்டுத் தொலைன்னு" என்றார். அண்ணி பல்லைக் கடித்துக்கொண்டு மானிட்டரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

ரெண்டரிங் மறுபடி நொண்டியபோது அண்ணி கார்டின் சூட்டைத் திரையில் பார்த்தார். தோசைக்கல் சூடு. "கார்டுல இருக்கிற ஃபேன் ஓடுதான்னு பாரு தம்பி" என்றார். எப்படித் தெரியும்? கம்ப்யூட்டர் பெட்டியின் பக்கத் தகட்டைக் கோடையில் கழற்றிப்போட்டோம், மாட்டவே இல்லை. திறந்த பக்கம் சுவரைப் பார்த்திருந்தது. பெட்டிக்கு முன்னால் வைத்திருந்த டேபிள் ஃபேன் போட்ட கூச்சலில் உள்ளே எது ஓடுகிறது, எது நின்றது என்று யாருக்குக் கேட்கும்?

எல்லாவற்றையும் நிறுத்தி, பெட்டியை இழுத்துப் படுக்கப்போட்டு, கார்டைக் கழற்றினோம். அதன் அடிப்பக்கத்து விசிறியில் வாழைநார் இறுகச் சுற்றியிருந்தது. நாரில் கருகின மல்லிப்பூக்கள்.

அண்ணி நாரைப் பிய்த்துக் கையில் பிடித்துக்கொண்டு எழுந்தார்.

"யாரு இத வெச்சது?"

அம்மா முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டே வந்தார். "நாந்தாம்மா. ஆடி வெள்ளியாச்சேன்னு சாமிக்கு வெச்ச பூவுல ஒரு முழம் கம்ப்யூட்டர் பொட்டி மேலயும் வெச்சேன். மறுநா பாத்தா காணல. எலி இழுத்துகினு போயிடுச்சின்னு வேற முழம் வெச்சேன்."

வாயில் வந்ததையெல்லாம் விழுங்கினேன். அண்ணி விசிறியைச் சுத்தம் செய்து கார்டை மாட்டினார். பெட்டியை முடுக்கிவிட்டார். ரெண்டரிங் ஓடத் தொடங்கியது, நிற்காமல் ஓடியது.

முடிந்து, பென்டிரைவில் ஏறுவதற்குள் பொழுது சாய்ந்து, கோதண்டராமனே வீட்டு வாசலில் வந்து நின்றார்.

"ஃபேன்ல தூசி அடைச்சிருச்சி சார். சரி பண்ணிட்டேன்" என்றார் அண்ணி.

"தூசி பாக்குறதுக்குக்கூட ஆள் வெக்கணுமா? மாப்பிள்ள வூட்ல என்னை கிழிக்கிறாங்க. ஆவணிய நான் திண்டிவனத்துக்கு சொல்லிட்டேம்மா."

அண்ணியின் முகம் செத்துப்போனது. அம்மா எங்களைத் தள்ளிக்கொண்டு முன்னால் வந்தார்.

"தூசியும் இல்ல, ஒண்ணும் இல்ல தம்பி. நான் பூவ வெச்சேன், அது செவுத்துப் பக்கமா சரிஞ்சி உள்ள போயி மாட்டிகிச்சி. தப்பு என்னுது. இந்தப் பொண்ணு காலையிலேர்ந்து பச்சத்தண்ணி குடிக்கல. திட்டணும்னா என்னை திட்டு. அவ வேலைய புடுங்காத."

கோதண்டராமன் நெளிந்தார். பென்டிரைவைச் சட்டைப்பையில் போட்டார். "சரி, மொத முகூர்த்தத்த மட்டும் குடுக்குறேன். அதுல லேட்டாச்சின்னா நான் பொறுப்பில்ல" என்று வண்டியைக் கிளப்பினார்.

அண்ணி அம்மாவையே பார்த்தார். "ஏன் அத்தை, வேலைய வுடு வுடுன்னு நீங்கதான சொன்னீங்க?"

"உன் கண்ணு போவுதேன்னு சொன்னேன். எப்பப் பாத்தாலும் செவந்து கெடக்குது. வேலையில உன்னை ஒருத்தன் கொறை சொல்லட்டும்னா சொன்னேன்?"

இதை இத்தனை வருஷத்தில் ஒருநாள் வாய் திறந்து சொல்லித் தொலைத்திருந்தால் என்ன! எனக்குத் தலையில் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது. அண்ணி வாசற்படியிலேயே உட்கார்ந்து அழ ஆரம்பித்தார். அம்மா, "முதல்ல சாப்புடு வா" என்று அவர் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தார்.